கல்வெட்டுக் கடாரமும் மண்ணடிக் கடாரமும்: பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வுகள் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு நிகழ்ந்து 2025ஆம் ஆண்டோடு ஆயிரம் ஆண்டுகள் நிறைவெய்தின. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்ற ஆடித் திருவாதிரை விழா இந்த ஆயிரமாண்டு நினைவோடு இணைத்தே கொண்டாடப்பட்டது. மலேசியத் தமிழர்க்கும் 'கடாரம்' என்னும் சொல் பெருமிதத்திற்குரியது. நம் மேடைகளிலும் மலர்களிலும் மாணவர் கட்டுரைகளிலும் அது இடையறாது இடம்பெற்று வருகின்றது.

ஆயினும், அப்பெயருக்குரிய நிலத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவே. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே பீடோங் வழியாக மெர்போக்கை நோக்கிச் செல்பவர், இருபுறமும் செம்பனைத் தோட்டங்களையும் புதிய குடியிருப்புப் பகுதிகளையும் காண்பார். அத்தோட்டங்களின் அடியிலும் ஓரத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட துறைமுக வாழ்வின் எச்சங்கள் புதைந்துள்ளன. ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட இவ்வட்டாரமே பூஜாங் பள்ளத்தாக்கு என வழங்கப்படுகின்றது.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டும் கடாரம் ஒன்று. கெடா மண்ணில் அகழாய்வு காட்டும் கடாரம் மற்றொன்று. இவ்விரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அண்மைக் கால ஆய்வுகள் கடாரத்தின் வரலாற்றை 1025ஆம் ஆண்டின் நிழலிலிருந்து விடுவித்துள்ளன என்பதும், அதனால் தமிழரின் கடல்வணிக வரலாறு சுருங்காமல் விரிவே அடைகின்றது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

கடாரம்: பெயரும் இருப்பிடமும்

கடாரம் கெடாவே என்பது இன்று ஐயமற்ற செய்தியாகத் தோன்றினும், நூறாண்டுகளுக்கு முன் நிலைமை அவ்வாறில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பிக்கப்பட்டபோது, அதில் குறிக்கப்படும் கடாரத்தை அறிஞர் ஹுல்ட்ஷ் மதுரை வட்டாரத்திலேயே தேடினார். வேறு சிலர் அதனைப் பர்மாவின் பெகு பகுதியோடு இணைத்தனர். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடேஸ் 1918இல் ஸ்ரீவிஜயப் பேரரசைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே இச்சிக்கல் தெளிவடைந்தது. சீனக் குறிப்புகள், வடமொழிச் சான்றுகள், தமிழ்க் கல்வெட்டுகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கியபோது, ஸ்ரீவிஜயம் சுமத்திராவை நடுவாகக் கொண்ட பேரரசு என்பதும், கடாரம் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள கெடா என்பதும் நிலைபெற்றன.

வடமொழி நூல்களில் இவ்விடம் 'கடாகம்' எனப்படும். அரபு மாலுமிகள் கூறும் 'கலா'வையும் அறிஞர் பலர் கெடாவோடு பொருத்துவர். சீனத் துறவி யிசிங் 671ஆம் ஆண்டு கான்டனிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீவிஜயம், மலாயு ஆகியவற்றில் தங்கியபின் கெடாவை அடைந்து, அங்கிருந்து நக்கவாரத்தைக் கடந்து 673இல் வங்கத்தின் தாமிரலிப்தித் துறையை எய்தினார். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கெடாவிலிருந்து மேற்கே பாய் விரிப்பதும், தென்மேற்குக் காற்றோடு சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே வருவதும் கலங்களின் வழக்கம். கடலிலிருந்து நோக்குவோர்க்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தொலைவிலிருந்தே தென்படும் அடையாளம். எனவே, வங்கக் கடலைக் கடந்து வந்த கலங்களுக்கு இது முதல் துறைகளுள் ஒன்றாகவும், காற்று திரும்பும்வரை காத்திருக்கும் இடமாகவும் அமைந்தது.

தமிழிலக்கியச் சான்றாகப் பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்னும் சொல் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அதற்குக் 'கடாரம்' எனப் பொருள் கூறியவர் நச்சினார்க்கினியர். பாட்டின் காலத்திற்கும் உரையாசிரியரின் காலத்திற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. உரையாசிரியர் பழைய மரபொன்றைப் பதிவு செய்திருக்கலாம். தம் காலத்து வழக்கைப் பாட்டின்மேல் ஏற்றியும் இருக்கலாம். ஆதலின் இச்சொல்லை ஒரு குறிப்பாகக் கொள்வது தகும். சங்ககாலக் கடார வணிகத்திற்குத் தனிச்சான்றாக அதனை நிறுத்துவது தகாது.

செப்பேட்டில் ஓர் அரசன், இரு பெயர்கள்

கடாரத்துக்கும் தமிழகத்துக்கும் இருந்த உறவைக் காட்டும் தலைசிறந்த ஆவணம் ஆனைமங்கலச் செப்பேடு ஆகும். நெதர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் 'லெய்டன் செப்பேடு' என்னும் பெயரையும் அது பெற்றது. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டதை அது கூறுகின்றது. அவ்விகாரத்தை எடுப்பித்தவன் சைலேந்திர மரபினனாகிய சூளாமணிவர்மன். அவன் பெயரால் அதனை நிறைவு செய்தவன் அவன் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன்.

இப்பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. வடமொழிப் பகுதி இவ்வரசனைக் கடாகத்திற்கும் ஸ்ரீவிஜயத்திற்கும் உரியவனாகப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதியோ அவனைக் கடாரத்து அரையன் என்றே குறிக்கின்றது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. வடமொழிப் பகுதி அரசவைப் புலவரின் ஆக்கம்; குலப்பெருமையும் பேரரசின் பெயரும் அதற்கு வேண்டும். தமிழ்ப் பகுதி நில எல்லையையும் வரியையும் வகுத்த கணக்கர், ஊரார், அதிகாரிகள் ஆகியோரின் நடைமுறை ஆவணம். அவர்கள் அறிந்திருந்த பெயர் கடாரமே. நாகையிலிருந்து கலமேறிய வணிகர் சென்று சேர்ந்த துறை அது. பேரரசின் தலைநகர் எங்கிருப்பினும், சோழமண்டலத்தாருக்கு அப்பேரரசின் முகம் கடாரமாகவே இருந்தது எனலாம்.

இவ்வுறவு பௌத்த விகாரத்தோடு நின்றுவிடவில்லை. நாகைக் காரோணத்துச் சிவன் கோயிற் கல்வெட்டுகள், ஸ்ரீவிஜய அரசரின் அதிகாரிகள் அக்கோயிலுக்கு அணிகலன்களையும் சீனக் கனகத்தையும் அளித்தமையைப் பதிவு செய்கின்றன. அவை இராசேந்திரனின் தொடக்க ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அஃதாவது, படையெடுப்புக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்புவரை கடாரத்துப் பொன் நாகைக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தது.

1025ஆம் ஆண்டும் அதன் பின்னும்

மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என 13 இடங்களைக் குறிப்பிடுகின்றது. கடாரத்து அரசனாகிய சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டதையும், அவனது பெருஞ்செல்வமும் வித்தியாதரத் தோரணமும் கைப்பற்றப்பட்டதையும் அது விரித்துரைக்கின்றது. பட்டியலில் கடாரம் இறுதியாக நிற்கின்றது. இராசேந்திரன் பெற்ற 'கடாரங்கொண்டான்' என்னும் விருதும் இப்பெயரைத்தான் தாங்கியுள்ளது. ஸ்ரீவிஜயத்தின் பெயரை அன்று.

படையெடுப்பின் காரணம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். ஹெர்மன் குல்கே, கேசவபாணி, விஜய் சகூஜா ஆகியோர் பதிப்பித்துச் சிங்கப்பூரில் 2009இல் வெளிவந்த நாகப்பட்டினம் – சுவர்ணத்வீபம் பற்றிய கட்டுரைத் தொகுதி இத்துறையில் ஒரு திருப்புமுனை. சோங் அரசமரபுக் காலத்தில் சீனத்தோடு செய்த கடல்வணிகம் பெருகியதையும், சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்திற்குத் தூதுக்குழுக்களை அனுப்பியதையும், இடைவழியில் ஸ்ரீவிஜயம் கொண்டிருந்த மேலாண்மையையும் இணைத்து நோக்கும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. நிலம் கொள்ளும் வேட்கையைவிட, வணிக வழியைத் திறக்கும் தேவையும் திறைப்பொருளும் பெருங்காரணங்களாக இருந்திருக்கக்கூடும்.

பின்னிகழ்ச்சிகள் இதனை உறுதி செய்கின்றன. கடாரத்தில் சோழரின் நிலையான ஆட்சி அமைந்ததற்குச் சான்றில்லை. வீரராசேந்திரன் 1068 அளவில் மீண்டும் கடாரத்தை வென்று, அடைக்கலம் புகுந்த அரசனுக்கே அதனைத் திருப்பியளித்ததாக அவன் கல்வெட்டு கூறுகின்றது. முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1090 அளவில், கடாரத்து அரசனின் தூதுவர் இருவர் வந்து சூடாமணி விகாரத்தின் நிலங்களுக்கு வரிவிலக்குப் பெற்றுச் சென்றமையைச் சிறிய லெய்டன் செப்பேடு சொல்கின்றது. 1006 முதல் 1090 வரையுள்ள இவ்வாவணங்களை வரிசைப்படுத்தினால், நட்பு, போர், மீண்டும் நட்பு என்னும் ஒரு நீண்ட உறவின் கோடு புலனாகும். அக்கோட்டில் 1025 ஒரு கூர்மையான புள்ளி. நாம் அப்புள்ளியை மட்டுமே கொண்டாடி, கோட்டினை மறந்துவிட்டோம்.

மண்ணிலிருந்து வந்த சான்றுகள்

கெடா மண்ணின் சான்றுகள் வெளிப்படத் தொடங்கியது ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோவின் காலத்திலாகும். இன்றைய செபராங் பிறைப் பகுதியில் 1834இல் அவர் கண்டெடுத்த கல்லில் ஒரு தூபியின் உருவமும், பல்லவ வரிவடிவத்தை ஒத்த எழுத்தில் வடமொழி வாசகமும் உள்ளன. இரக்தமிருத்திகையைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தன் என்பவன் தன் பயணம் வெற்றியுற வேண்டிப் பொறித்தது அது. எழுத்தமைதியால் 5ஆம் நூற்றாண்டு அளவினது எனக் கருதப்படும் அக்கல் கொல்கத்தாவுக்குச் சென்றது. இரக்தமிருத்திகை வங்காளத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தில் உள்ள ராஜ்பாடிடாங்கா என அறிஞர் பலர் ஏற்பர். ஆக, இவ்வட்டாரத்தில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய கடலோடி வங்காளக் கரையிலிருந்து வந்த ஒரு பௌத்தன்.

இக்கல்லிலும், புக்கிட் மெரியாம், கம்போங் சுங்கை மாஸ் ஆகிய இடங்களில் கிடைத்த பொறிப்புகளிலும் வினைப்பயன் பற்றிய பௌத்தச் செய்யுள் ஒன்று திரும்பத் திரும்ப வருகின்றது. அச்செய்யுள் இந்தியக் கல்வெட்டுகளில் காணப்படாதது. இந்தியாவிலிருந்து வந்த சமயத்தை இப்பகுதி மக்கள் தமக்கேற்ற மரபாக வளர்த்துக் கொண்டிருந்தனர் என்பதற்கு இது நுண்ணிய சான்றாகும்.

முறையான கள ஆய்வை 1936, 1937 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியார் டோரதியுடன் மேற்கொண்டார். ஏறத்தாழ 30 இடங்களை எண்ணிட்டுப் பதிவு செய்து, 1940இல் அறிக்கை வெளியிட்டார். பண்டை இந்தியக் குடியேற்றம் என்பதையே அவர் அறிக்கையின் தலைப்பும் கொண்டிருந்தது. இந்தியர் வந்தனர், குடியேறினர், கோயில் கட்டினர், உள்நாட்டார் ஏற்றனர் என்பதே அவர் கண்ணோட்டம். அன்றைய இந்திய வரலாற்றாசிரியர் பலர்க்கும் அது உவப்பாயிருந்தது. நம் மேடைப்பேச்சுகளில் இன்றும் ஒலிப்பது பெரும்பாலும் அந்த 1940ஆம் ஆண்டின் குரலே.

அடுத்து வந்த ஆய்வுகள் இக்கண்ணோட்டத்தை மெல்ல மாற்றின. ஆலஸ்டர் லாம்ப் 1959, 1960 ஆண்டுகளில் புக்கிட் பத்து பஹாட் சண்டியை மீள அகழ்ந்து, சிதைந்த கற்களைக் கொண்டு அதனைச் சீரமைத்தார். (சண்டி என்பது பண்டைக் கோயிற் கட்டடங்களைக் குறிக்கும் மலாய்ச் சொல்.) கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அதன் தரையமைப்பு தென்னிந்தியக் கோயிலை நினைவூட்டும். ஆனால் மேற்கட்டுமானம் கல்லாலானதன்று. கல்லில் குழிந்த தூண்பீடங்களின்மேல் மரத்தூண்களை நிறுத்திக் கூரை வேயப்பட்டிருந்தது. மழை மிகுந்த இந்நிலத்தின் மரவேலை மரபு அங்கே தெரிகின்றது. சமயத்தை வரவழைத்துக் கொண்டவர்கள் தம் கட்டடக் கலையைக் கைவிடவில்லை.

1970களுக்குப் பின் நிக் ஹசான் சுஹைமி முதலிய மலேசிய அறிஞர்களின் ஆய்வும், 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகமும் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டன. சுங்கை மாஸ் ஏறத்தாழ 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையும், பெங்காலான் பூஜாங் ஏறத்தாழ 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையும் முதன்மைத் துறைகளாக விளங்கின என்னும் வரைவு உருவானது. சுங்கை மாஸில் கிடைத்த ஒருநிறக் கண்ணாடி மணிகள் அரிக்கமேட்டு மணிகளின் இனத்தைச் சேர்ந்தவை. அவை அங்கேயே செய்யப்பட்டன என்பதற்கும் தடயங்கள் உள்ளன. பெங்காலான் பூஜாங்கிலோ சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மிகுதி.

துறை இடம் மாறியது ஏன் என்னும் வினா இங்கு எழும். 11ஆம் நூற்றாண்டு என்றதும் சோழர் படையெடுப்பை அதற்குக் காரணமாக்கத் தோன்றும். ஆனால் ஜேன் ஆலன் மேற்கொண்ட நிலவியல் ஆய்வு, மலைச்சரிவுகளிலிருந்து வந்த மண் படிந்து கரை முன்னேறியதையும் ஆற்றுப்போக்கு மாறியதையும் எடுத்துக்காட்டியது. பழைய துறைகள் தூர்ந்தன; கலங்கள் வேறு துறை தேடின. போர் பற்றி மெய்க்கீர்த்தி பேசும். வண்டல் பற்றி எந்த மெய்க்கீர்த்தியும் பேசாது. அகழாய்வின் தேவை இங்குதான் விளங்கும்.

சுங்கை பத்தும் புக்கிட் சோராஸும்

2007ஆம் ஆண்டளவில் சுங்கை பத்துப் பகுதியின் செம்பனைத் தோட்டத்தில் செங்கற் கட்டுமானங்களும் இரும்புக் கசடுக் குவியல்களும் அடையாளம் காணப்பட்டன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அனைத்துலகத் தொல்லியல் ஆய்வு மையம், பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் 2009 முதல் தொடர்ந்து அகழ்ந்தது. இரும்பு உருக்கிய களங்கள், உலைகளுக்குக் காற்றூட்டிய சுடுமண் துருத்திக் குழல்கள், தூர்ந்த ஆற்றின் ஓரத்துப் படகுத்துறைகள், வட்ட அடித்தளமுடைய வழிபாட்டுக் கட்டடம் ஆகியவை வெளிப்பட்டன.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு இரும்பில் உள்ளது. அதுவரை பூஜாங் பள்ளத்தாக்கு பிறர் சரக்குகள் வந்து மாறிச்செல்லும் இடைத்துறையாகவே கருதப்பட்டது. சுங்கை பத்து அதனை ஓர் உற்பத்தித் தலமாகக் காட்டியது. மலையடிவாரத்து இரும்புத் தாது, எரிக்க மரக்கரி, ஏற்றிச்செல்ல ஆறு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வாய்த்திருந்தன. உள்நாட்டு உழைப்பும் நுட்பமும் இல்லாமல் இத்தகைய தொழில் நடந்திருக்க இயலாது. வந்த வணிகர் வெறுங்காட்டில் இறங்கவில்லை. விற்பதற்குப் பொருளும் விலைபேசத் தெரிந்த மக்களும் உள்ள இடத்திற்கே வந்தனர்.

காலக்கணிப்பில் நாம் நிதானம் காக்க வேண்டும். வழிபாட்டுக் கட்டடத்திற்கு முதலில் கி.பி. 110 என்னும் காலம் சொல்லப்பட்டது. பின்னர் இரும்புத் தொழிலுக்குக் கி.மு. 535, கி.மு. 788 எனக் காலம் பின்னோக்கிச் சென்றது. 2016 மே மாதத்தில் நடைபெற்ற அனைத்துலக மாநாட்டில் இது தென்கிழக்காசியாவின் மிகத் தொன்மையான நாகரிகம் எனவும் அறிவிக்கப்பட்டது. கரித்துண்டின் காலம் அம்மரம் வளர்ந்த காலத்தையே தரும். முதிர்ந்த மரத்தின் உட்பகுதியாயின், உலை எரிந்த நாளைவிட அது பல்லாண்டு முற்பட்டதாகக் காட்டும். கரி கிடைத்த மண்ணடுக்கு உலையோடு தொடர்புடையதா என்பதும் ஒவ்வோரிடத்திலும் சோதிக்கப்பட வேண்டியது. மிகப் பழைய ஒற்றை எண்ணைவிட, ஒன்றோடொன்று பொருந்தும் எண்களின் தொகுதியே நம்பத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அங்கே இரும்புத் தொழில் நடந்தது என்பதை ஏற்பதற்குத் தடையில்லை. அதற்கு முற்பட்ட காலம் குறித்த முடிவு மேலும் ஆய்வை வேண்டி நிற்கின்றது.

இரண்டாவது பெரிய கண்டுபிடிப்பு புக்கிட் சோராஸில் நிகழ்ந்தது. யான் மாவட்டத்தில் ஜெராய் மலைக்கு வடக்கே உள்ள இவ்விடம் ஜேம்ஸ் லோவின் காலத்திலேயே அறியப்பட்டு, வேல்ஸாலும் பார்வையிடப்பட்டது. ஆயினும், 2023இல் நாஷா ரோட்சியாடி காவ் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோதுதான் அதன் உண்மையான மதிப்பு தெரியவந்தது. பெரிய பௌத்தக் கட்டடமும், ஆளுயரச் சுதைச் சிற்பங்களும் அங்கே வெளிப்பட்டன. பெரும்பாலான சண்டிகள் மலைக்குத் தெற்கே அமைந்திருக்க, வடக்கே இத்தகைய கட்டடம் கிடைத்தமை பண்டைக் கெடாவின் எல்லையை நாம் குறுக்கியே கணித்து வந்துள்ளோம் என்பதைக் காட்டுகின்றது.

தமிழ்க் கல்வெட்டின் இன்மை

இந்நிலையில் தமிழாய்வாளர் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. தென்தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சுமத்திராவின் பாருசில், லோபு துவாவில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சீனத்தின் குவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கடாரத்திலோ, இதுவரை வெளியான ஆய்வறிக்கைகளில், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றேனும் இல்லை. படையெடுப்பின் அழிவு அடுக்கு எனத் தெளிவாகச் சுட்டத்தக்கதும் அவற்றில் இல்லை.

இதனைக் கொண்டு தமிழர் கடாரத்திற்கு வரவில்லை என்று கூறுவது பிழை. நாகைக் கல்வெட்டுகளும் லெய்டன் செப்பேடுகளும் உறவை ஐயமற நிறுவுகின்றன. சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் வேல்ஸ் கண்ட கணேசர், மகிடாசுரமர்த்தினி உருவச் சிதைவுகள் சைவ, சாக்த வழிபாட்டின் இருப்பைக் காட்டுகின்றன. ஆனால், ஒவ்வொரு சண்டியையும் சோழர் கட்டிய கோயில் என்று மாணவர்க்குச் சொல்வதும் அதே அளவு பிழை. அவற்றுள் பல சோழப் பேரரசு எழுமுன்னரே கட்டப்பட்டவை. பல பௌத்தக் கட்டடங்கள். வங்காளம், சுமத்திரா, உள்ளூர் ஆகிய பல மரபுகள் அவற்றில் கலந்துள்ளன.

பண்டைக் கெடாவின் இந்திய உறவையே மறுக்க முனைவோர் ஒருபுறம்; அனைத்தையும் சோழருக்கே உரிமையாக்குவோர் மறுபுறம். இருதிறத்தாரும் சான்றுகளைவிட முடிவுகளையே முதலில் விரும்புகின்றனர். தமிழறிந்தோர் செய்யத்தக்க ஆக்கப்பணி வேறு. கொடுமணல் முதலிய தமிழ்நாட்டுத் தொழிற்களங்களின் உலை, கசடு, துருத்திக் குழல் ஆகியவற்றைச் சுங்கை பத்துப் பொருள்களோடு அறிவியல் முறையில் ஒப்பிடும் ஆய்வுக்கு இருமொழி அறிந்த ஆய்வாளர் தேவை. அவ்வாய்வின் முடிவு எதுவாயினும் அது நமக்குப் பயன் தரும்.

கரை இரண்டிலும் இழந்தவை

ஆய்வைப் பற்றிப் பேசும்போதே ஆய்வுக்குரிய பொருள் அழிந்து வருவதையும் கருத வேண்டும். நாகப்பட்டினத்தில் நெடுங்காலம் நின்ற செங்கற் கோபுரம் ஒன்றை 1846இல் வால்டர் எலியட் பார்த்துப் பதிவு செய்தார். அது சூடாமணி விகாரத்தின் எச்சம் என்பாரும், சீனர் தொடர்புடையது என்பாரும் உளர். எதுவாயினும், 1867இல் சென்னை அரசின் இசைவோடு அது இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வூரில் 1856 முதல் வெவ்வேறு காலங்களில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளே அந்த மரபுக்கு இன்று எஞ்சிய சாட்சி.

அதே கதை மறுகரையிலும் நிகழ்ந்தது. வேல்ஸ் எண்ணிட்ட 11ஆம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது என்னும் செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும், அவ்விடம் அச்சட்டத்தின்கீழ் அரசிதழில் அறிவிக்கப்படாத தனியார் நிலமாகவே இருந்தது. ஆய்வேட்டில் எண் பெற்று 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலப்பதிவேட்டில் அதற்கு இடமில்லை. இவ்விழப்பை உலகறியச் செய்தவர் ஆய்வறிஞர் வீ. நடராஜன், பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி 2011இல் நூல் வெளியிட்டவர் அவர்.

இங்குத் தோட்ட வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலமூடா வட்டாரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, மரம் நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழி வந்த தொழிலாளர். பழஞ்செங்கல்லும் செதுக்கிய கல்லும் பல இடங்களில் மண்வெட்டி முனையிலேயே முதன்முதல் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கண்டதைக் கேட்டுப் பதிவு செய்தவர் இல்லை. பின்னர் ரப்பர் செம்பனையாயிற்று. செம்பனைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. தோட்டக் குடியிருப்புகள் கலைந்தபோது, எந்தப் பிரிவில், எந்த ஓடைக்கரையில், எந்த மேட்டில் பழங்கல் கிடந்தது என்று அறிந்திருந்த மூத்தோரும் இடம்பெயர்ந்தனர். வேல்ஸின் அறிக்கையில் தோட்டப் பெயர்கள் உண்டு. தோட்டத்தார் பெயர்கள் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, கடாரம் சோழரால் புகழ்பெற்ற ஊரன்று. புகழ்பெற்ற ஊராக இருந்தமையாலேயே சோழர் அதனை நாடினர். இரண்டாவது, தமிழகத்துக்கும் கெடாவுக்கும் இருந்த உறவு வெற்றி தோல்வி என்னும் ஒரு நிகழ்ச்சியில் அடங்காது. விகாரம், கோயிற்கொடை, மணி, இரும்பு, தூது என அது பல்கிப் பரந்தது. மூன்றாவது, கல்வெட்டு தரும் கடாரம் நூல்களில் பாதுகாப்பாக உள்ளது. மண் தரும் கடாரம் நம் கண்முன்னே குறைந்து வருகின்றது.

தமிழாசிரியர்கள் இதில் ஆற்றத்தக்க பணி பெரிது. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பல இத்தொல்லிடங்களுக்கு ஒரு நாட்பயணத் தொலைவில் உள்ளன. கடாரம் பற்றிய கட்டுரையை எழுதப் பணிக்குமுன் மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லலாம். புக்கிட் பத்து பஹாட்டின் தூண்பீடக் குழியைக் காட்டி, அதில் எந்த மரம் நின்றிருக்கும் என்று கேட்கலாம். இன்னும் எஞ்சியிருக்கும் தோட்டத்து முதியோரிடம் அவர்கள் கண்ட பழங்கற்களைப் பற்றிக் கேட்டு, இடமும் நாளும் குறித்துப் பதிவு செய்யப் பணிக்கலாம். அப்பதிவுகள் உரிய துறையினரிடம் ஒப்படைக்கப்படுமாயின், அடுத்து ஒரு சண்டி இடிபடுமுன் அதன் இருப்பை உரைக்கச் சான்றேனும் இருக்கும். கடாரத்தை வென்ற நாளைக் கொண்டாடிய தலைமுறை, கடாரத்தைக் காத்த தலைமுறையாகவும் அறியப்படுதல் வேண்டும்.